ஆறுக்கு ஆறு

எங்கள் ஊர்த் திருவிழாப் போட்டியில் அந்த வருஷம் கோப்பையையும் பன்றியையும் ஜெயித்தது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. கோப்பை பித்தளை. பன்றி உயிரோடு இருந்தது. பரிசு கொடுப்பதற்கு முன்பே கயிற்றை அறுத்துக்கொண்டு காபித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. அது மட்டும்தான் நினைவிருக்கிறது. ஆனால் அதே நாள், அதே கூடத்தில், மூலை மேஜையில் நடந்த பந்தய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பிறந்தே இருக்காதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோல் சொல்வார்கள். அதிலும் கோல் பிடித்து ஆடிய இருவரையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பந்து அடுக்கிய ஒருத்தியைப் பற்றித்தான் சொல்வார்கள்.

பெர்பெத்துவா மக்சினோ என்பது அவளுடைய ஞானஸ்நானப் பெயர். பெத்தாங் என்றால்தான் மணிலாவுக்குத் தெற்கே எங்கள் பத்தாங்காஸ் மலைப்பக்கத்தில் யாருக்கும் தெரியும். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் லோமிக் கடைக்கும் தெபானின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கும் ஒரே சுவர்தான். சுவரில் ஒரு ஜன்னல். அதன் வழியாக முப்பது வருஷம் நூடுல்ஸ் கிண்ணங்களை நீட்டியிருக்கிறேன், அதன் வழியாகவே முப்பது வருஷம் பந்தயமும் கட்டியிருக்கிறேன். இன்னொரு உரிமையும் உண்டு. அவளை ஊரறிய அவமானப்படுத்தியவன் நான்தான். மற்றவர்கள் சொல்லும்போது அந்த இடத்தை நாசூக்காகத் தாண்டிவிடுவார்கள், என் முகத்துக்காக. எனக்கு அந்தத் தயவு வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வயதில் அவள் அந்தக் கூடத்துக்கு வேலைக்கு வந்தாள். ஆட்டம் முடிந்ததும் மேஜைக்கடியில் தொங்கும் வலைப்பைகளில் கைவிட்டுப் பந்துகளை எடுக்க வேண்டும், மரத்தாலான முக்கோணச் சட்டத்துக்குள் பதினைந்தையும் அடுக்க வேண்டும், ஒவ்வொரு பந்து விழும்போதும் புள்ளியை உரக்கச் சொல்லிச் சுவரில் கம்பியில் கோத்த மணிகளை நகர்த்த வேண்டும். காலையிலிருந்து இருட்டும்வரை நின்றபடியே வேலை. வந்த புதிதில் ஒருவன் அவள்மேல் கை நீட்டினான். பதினைந்தாம் நம்பர் பந்து அவன் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. கை தவறிவிட்டதாம். அதற்குப் பிறகு எவன் கையும் நீளவில்லை.

அவள் ஒரு நாளும் கோலைத் தொட்டு ஆடியதில்லை. "ஏன், உனக்கும் ஆசையா இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ உன் லோமியை என்னிக்காவது ஆசையாச் சாப்பிட்டிருக்கியா?" என்றாள்.

ஆனால் அவளுக்கு ஒரு காது இருந்தது. மணிக் கம்பி சுவரில் இருந்ததால், மணியை நகர்த்தும்போதெல்லாம் மேஜைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த பந்தை அடித்துவிடுவார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் புள்ளி தவறிப்போகும். அதனால் காதாலேயே ஆட்டத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். எந்தக் குழியில் விழுந்தது, நேராக விழுந்ததா, விளிம்பில் உரசி விழுந்ததா, அடித்தவன் அவசரப்பட்டானா, பயந்தானா, எல்லாமே முதுகைத் திருப்பியபடி சொல்வாள். நாங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஏமாந்தோம்.

எங்கள் ஆட்டத்தில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை வரிசையாக அடிக்க வேண்டும். பந்தின் நம்பர்தான் புள்ளி. முதலில் அறுபத்தொன்று எடுப்பவனுக்கு அந்த ஆட்டம். கெட்டிக்காரனும் சுமாரானவனும் மோதும்போது, கெட்டிக்காரன் சில புள்ளிகளை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால்தான் பந்தயம் கட்ட ஆள் வரும். அந்த விட்டுக்கொடுப்புக்குப் பேர் பார்த்திடா. பத்தா, பதினைந்தா என்று பேரம் பேசியே பாதி நாள் போகும். சில சமயம் பேரத்தின் நடுவில் மடக்குக்கத்தி விரியும். ஒரு நாள் அப்படிச் சண்டை முற்றியபோது, வலைப்பைக்குள் கை விட்டிருந்த பெத்தாங் நிமிராமலே, "பன்னெண்டு. வெச்சுக்கிட்டு ஆடுங்க," என்றாள். அந்தப் பந்தயம் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்துவரை போனது. அன்றிலிருந்து அவள் சொல்வதுதான் பார்த்திடா. அவள் சொன்ன பார்த்திடாவில் ஆடினால் இரண்டு பேரும் சரிசமமாக வந்து நிற்பார்கள், ஒரு மூச்சு வித்தியாசத்தில்தான் ஜெயிப்பார்கள். தூரத்து ஊர்களிலிருந்து ஜீப்னி பிடித்து வந்து கேட்டுப் போவார்கள்.

அதற்கு அவள் கூலி வாங்கியதில்லை. ஜெயித்தவன் சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் பலாத்தோ கொடுப்பது எங்கள் வழக்கம். தன் அதிர்ஷ்டத்தில் மற்றவர்களுக்கும் ஒரு பங்கு. கொடுக்காதவன் மனுஷனே இல்லை. அந்தப் பங்கைக்கூட அவள் தொட மாட்டாள். "அவன் காசு என் கையில பட்டுச்சுன்னா அடுத்த தடவை எனக்குக் காது கோணிப்போயிடும். ஒரு கிண்ணம் லோமி வாங்கித் தரச் சொல்லு, போதும்," என்பாள். முட்டை ஒன்று கூடுதலாகப் போடச் சொல்வாள். அவ்வளவுதான் அவள் பேராசை.

எண்பத்து நாலாம் வருஷம், மே மாதம், சான் இசித்ரோ திருவிழா. ஊரில் இருக்கிற ஈ எறும்பெல்லாம் கூடத்துக்குள்தான் இருந்தது. தோற்கும்போதெல்லாம் ராசி மாற்றச் சட்டையை மாற்றும் முண்டோ ஏழு சட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தான். ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜென்ட் ஒருவர் நின்றபடியே தூங்குவார், பந்தயத் தொகை காதில் விழுந்தால் மட்டும் கண் திறப்பார். மணிலாவிலிருந்து ஒரு பல் டாக்டர், யாருடைய பல்லையோ பாதி பிடுங்கிவிட்டு வந்ததாகப் பேச்சு. எல்லாருடைய பந்தயப் பொருளையும் வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பது விதவை சாரிங். நெருப்பு முனை வாய்க்குள் இருக்கும்படி சுருட்டைக் கவ்விக்கொண்டு, பாவாடை மடியில் மூவாயிரம் பீசோ பணத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவளிடமிருந்து அதைப் பிடுங்க ஒரு பட்டாளம் வந்தாலும் முடியாது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கருவாட்டு லாரி வந்து நின்றது. டிரைவர் பெயர் கார்டிங். நாற்பது வயதிருக்கும், சட்டையில் செதில் ஒட்டியிருந்தது, இடுப்பில் ஜின் பாட்டில். கூடவே மெனோங் என்று ஒரு கிளீனர். கார்டிங் எங்கள் பேக்கரிக்காரனிடம் தோற்றான், சார்ஜென்டிடம் தோற்றான், ஏழாவது சட்டையில் இருந்த முண்டோவிடமே தோற்றான். தோற்கத் தோற்க வாய் மட்டும் பெருத்தது.

"இந்த ஊர்ல ஐஸ் இஸ்கோன்னு ஒருத்தன் இருக்கானாமே? கொண்டாங்கப்பா அவனை!"

இஸ்கோ எங்கள் ஊரின் பெருமை. ஐஸ் கட்டி சுமந்து விற்பவன், கை எப்போதும் சில்லென்று இருக்கும், ஆட்டத்தில் நடுங்கவே நடுங்காது. ஐஸ் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"ஏழு ஜெயிக்கிற வரைக்கும் ஆடலாம்," என்றான் கார்டிங். "ஆனா நான் கருவாட்டுக்காரன் தம்பி. எனக்கு இருபத்தஞ்சு புள்ளி பார்த்திடா தரணும்."

இருபத்தைந்து கொடுத்தாலும் இஸ்கோ இவனைக் கோழி உரிப்பதுபோல் உரித்துவிடுவான் என்று கூடம் முழுக்க ஒரே சந்தோஷம். கூடத்துச் சொந்தக்காரன் தெபான் மட்டும், "வழக்கப்படி பெத்தாங்கை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க," என்றான்.

பெத்தாங் மூன்று பந்தை வைத்தாள். "அடிங்க பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கார்டிங் அடித்தான். ஒன்று ஆடி அசைந்து விழுந்தது, மற்ற இரண்டும் குழியின் விளிம்பில் மோதித் திரும்பி வந்தன.

அவள் திரும்பினாள். "இவர் வாங்கக் கூடாது, கொடுக்கணும். இஸ்கோவுக்கு எட்டுப் புள்ளி."

முதலில் சிரித்தோம். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் கோபம் வந்தது. வலையில் விழுந்த மீனை இவள் எடுத்துக் கடலில் விடுகிறாளே என்று எல்லாருக்கும் ஆத்திரம். ஆளாளுக்குக் கத்தினோம். அதில் உரக்கக் கேட்ட குரல் என்னுடையது. ஜன்னல் வழியாகக் கரண்டியை நீட்டிக்கொண்டு சொன்னேன்:

"உனக்கென்ன தெரியும்? பந்து பொறுக்கறவ பந்தைப் பொறுக்கினாப் போதும்!"

முப்பது வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த முக்கோணச் சட்டத்தைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். பார்த்திடா நீங்களே போட்டுக்கிட்டீங்க, பந்தையும் நீங்களே அடுக்கிக்குங்க."

வெளியே நடந்தாள். போய் உட்கார்ந்த இடம் எது தெரியுமா? என் கடையேதான். என் மனைவி லூரிங் அவளுக்குச் சூடாகக் காபி ஊற்றிக் கொடுத்து, ஜன்னல் வழியாக என்னை ஒரு முறை முறைத்தாள்.

பந்தை நான்தான் அடுக்கினேன். அடுக்கினேன் என்று பேர். சட்டத்தை எடுத்ததும் பந்துகள் திசைக்கு ஒன்றாக ஓடின. முதல் ஆட்டம் இஸ்கோவுக்கு. உடனே மெனோங் பந்தயத்தை இரட்டிப்பாக்கினான். கடைக்குப் புதுத் தகரக் கூரை போட வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து சாரிங்கின் மடியில் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கார்டிங்கின் முதுகு நிமிர்ந்தது. வாய் மூடிக்கொண்டது. வரிசையாக ஏழு ஆட்டம். இஸ்கோ ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு எழுந்திருக்கவே வேலை வரவில்லை. மெனோங் லாரியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, தங்கப் பல் தெரியச் சிரித்தான். கிளீனராம்! கார்டிங்குக்குப் பந்தயப் பணம் போட்டு ஆடவைக்கும் முதலாளியே அவன்தான். ஜின் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். தண்ணீர்.

ஆனாலும் கார்டிங் வழக்கம் தெரிந்தவன். எல்லாருக்கும் பலாத்தோ கொடுத்தான். எனக்கும் இருபது பீசோ கொடுத்தான், என் கூரைப் பணத்திலிருந்தே. நானும் வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் மரியாதையில்லை அல்லவா. இதைவிடக் கேவலமாக நான் எந்த நாளும் நின்றதில்லை.

பிறகு அவன் என் கடைக்குள் போனான். ஜன்னலருகே நாங்கள் முட்டிமோதி நின்றோம். பெத்தாங்கின் முன் ஒரு கட்டுப் பணத்தை நீட்டினான்.

"வேணாம்," என்றாள். "உக்காருங்க."

உட்கார்ந்தான். "பதினாலு மாகாணம் சுத்திட்டேன்க்கா. ஒருத்தரும் என்னைக் கண்டுபிடிச்சதில்ல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலையிலேர்ந்து பதினோரு பந்து தப்பா அடிச்சீங்க. பதினொண்ணும் குழியோட அதே விளிம்புல, அதே இடத்துல, 'டொக்'. குடிச்சவன் பதினோரு விதமாத் தப்புவான். ஒரே மாதிரி தப்பறதுக்கு ரொம்பத் தேர்ச்சி வேணும்."

கார்டிங்கின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. மாட்டிக்கொண்டவன் முகம் இல்லை அது. ரொம்ப நாளாக யாரும் கூப்பிடாத தன் பெயரை யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தான்.

பெத்தாங் எழுந்து கூடத்துக்குள் வந்தாள். நாங்கள் வழிவிட்டோம். ஆணியிலிருந்து சட்டத்தை எடுத்தாள்.

"நான் சொன்னது எட்டு. அந்த எட்டுல ஒரு பந்தயம் ஆடுங்க. ஏழு ஜெயிக்கிற வரைக்கும். ஆறுக்கு ஆறு வந்து நிக்கும். நிக்கலேன்னா இந்தச் சட்டம் கோரியோவோட அடுப்புக்கு விறகு. நான் வீட்டுக்குப் போறேன், இனிமே இந்தக் கூடத்துல கால் வெக்க மாட்டேன்."

கோரியோ என்பது நான். அவள் கணவன் அம்போ ஓட்டும் ஜீப்னி வருஷத்தில் பாதி நாள் மெக்கானிக்கிடம்தான் இருக்கும்; நாலு பிள்ளைகளை வளர்த்தது இந்தச் சட்டம். அதையும் விடுங்கள், அவளுடைய பேச்சை நம்பித்தான் மூன்று மாகாணத்து ஆட்கள் கத்தியை மடித்துப் பையில் வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு இன்று சந்தியில் நின்றது, நான் நிறுத்தி வைத்தது.

மெனோங்குக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "ஆட்டத்துக்குச் சும்மா ஐநூறு பீசோ போதும். ஆனா ஆறுக்கு ஆறு வராதுன்னு நான் தனியாக் கட்டறேன். யாரு வர்றீங்க? அக்கா மேல நம்பிக்கை இருக்கறவங்க யாராவது?"

காலையில்தான் எல்லாரும் மொட்டையாகியிருந்தோம். கொல்லைப்புறம் போய் என் சண்டைச் சேவலைக் கொண்டுவந்தேன். ஒன்பது சண்டை ஜெயித்த சேவல், பிஷப் என்று பெயர். சாரிங்கின் கையில் கொடுத்தேன்.

"ஆறுக்கு ஆறு," என்றேன்.

சாரிங் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுருட்டை எடுக்காமலே, "அறிவு வர்றதுக்கு இவ்வளவு நேரமாடா?" என்றாள். அவளும் தன் காதுத் தொங்கட்டானைக் கழற்றி மடியில் போட்டாள். அப்புறம் எல்லாரும் வந்தார்கள். தெபான் கைக்கடிகாரம் கொடுத்தான். பேக்கரிக்காரன் நாளைய மாவு மூட்டையைக் கொடுத்தான். முண்டோ ஏழு சட்டைகளையும் அவிழ்த்துக் கொடுத்தான். பல் டாக்டர்கூட நோட்டை நீட்டினார்.

பெத்தாங் பந்தை அடுக்கினாள். அவள் சட்டத்தை எடுத்தால் பதினைந்து பந்தும் ஒன்றை ஒன்று தொட்டபடி அப்படியே நிற்கும். கார்டிங் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் இப்போது எதையும் ஒளிக்கவில்லை. அடேயப்பா, என்ன ஆட்டம்! என் பணத்தைத் தின்றவன், ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு கை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நாலுக்கு ஒன்று என்று முன்னால் போய்விட்டான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், என்னவோ நான்தான் ஆடுவதுபோல். பெத்தாங் மணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கார்டிங் நாலு, இஸ்கோ ஒண்ணு," என்று கோயிலில் வாசகம் படிக்கும் குரலில் சொன்னாள்.

இஸ்கோ வெளியே போனான், பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், உள்ளே வந்தான். அதற்குப் பிறகு அந்த எட்டுப் புள்ளி வேலை செய்ய ஆரம்பித்தது. தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் கார்டிங்குக்கு ஒரே ஒரு பந்து குறைந்தது. நாலுக்கு நாலு. கார்டிங் ஐந்து. இஸ்கோவும் ஐந்து. பிறகு இஸ்கோ ஆறு.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பன்னிரண்டாவது ஆட்டத்தையும் இஸ்கோ ஜெயித்துவிட்டால் ஏழுக்கு ஐந்து. பந்தயம் முடிந்துபோகும், ஆறுக்கு ஆறு வராது. எங்கள் ஊர்க்காரன் ஜெயித்தால் ஊரே தோற்கும்.

"இஸ்கோ, தோத்துடுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சட்டையில்லாத முண்டோதான்.

பெத்தாங் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினாள். "யாருடா அது? விட்டுக்கொடுத்து வர்ற ஆறு எனக்கெதுக்கு? இஸ்கோ, ஜெயிக்கறதுக்கு ஆடு. ஒரு பந்து நீ வேணும்னே தப்பா அடிச்சாலும் எனக்குக் கேக்கும். கேட்டுச்சுன்னா இந்த நிமிஷமே சட்டத்த அடுப்புல வெச்சிடுவேன்."

"சரிக்கா," என்றான் இஸ்கோ. ஜெயிப்பதற்குத்தான் ஆடினான், பாவி. பதினாலு பந்தும் போயின. இஸ்கோவுக்கு எட்டோடு சேர்த்து ஐம்பத்தொன்பது, கார்டிங்குக்கு ஐம்பத்து நாலு. மேஜையில் பதினைந்தாம் நம்பர் மட்டும். யார் அதைப் போட்டாலும் ஆட்டம் அவருக்கு. அடிக்க வேண்டியவன் இஸ்கோ.

சரியாக அந்த நேரம் பார்த்து ஊர்வலம் வந்துவிட்டது. சான் இசித்ரோவின் சிலை கூடத்து வாசலைக் கடக்கும்வரை கோலைப் படுக்கவைத்துவிட்டு எழுந்து நிற்பது எங்கள் முறை. வாத்தியக் கோஷ்டி வாசலில் நின்று ஊதித் தள்ளியது. சான் இசித்ரோ விவசாயிகளின் புனிதர், அவருக்கும் பில்லியர்ட்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நான் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து வேண்டிக்கொண்டேன். இஸ்கோ தோற்கட்டும் என்று வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போகும்படி ஆக்கிவிடாதே என்று மட்டும் கேட்டேன்.

மேளச் சத்தம் சந்தைப்பக்கம் போய்த் தேயும்வரை பெத்தாங் ஆடவிடவில்லை. பிறகு தலையசைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இஸ்கோ அடித்தான். நீளமான அடி, கஷ்டமான அடி. பந்து போய்க் குழியின் வாயில் இடப்பக்கம் தட்டி, வலப்பக்கம் தட்டி, உள்ளே விழாமல் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

"நிஜத் தப்பு," என்றாள் பெத்தாங், சுவரைப் பார்த்தபடி.

இப்போது கார்டிங்கின் முறை. பதினைந்தாம் நம்பர் குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. என் மாமியார் குடையால் இடித்தாலும் விழுந்துவிடும். அப்போது மெனோங் இருமினான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் இருமினான். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அந்த இருமல் புரிந்தது. கார்டிங் இதைத் தவறவிட்டால் அடுத்தது இஸ்கோ போட்டுவிடுவான், ஏழுக்கு ஐந்து. போவது ஐநூறு பீசோ, வருவது ஒரு ஊரின் சொத்து. சேவல், தொங்கட்டான், கடிகாரம், மாவு மூட்டை எல்லாம் லாரியில் ஏறிவிடும். தப்பாக அடிப்பதா கார்டிங்குக்குக் கஷ்டம்? அதைத்தானே பதினாலு மாகாணத்தில் செய்து வந்தான்.

கார்டிங் குனிந்தான். நிமிர்ந்தான். மெனோங்கைப் பார்த்தான். பிறகு பெத்தாங்கின் முதுகைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. ஒரு கை மணிக் கம்பியில் இருந்தது. கேட்பதற்குத் தயாராக நின்றாள், அவ்வளவுதான்.

மறுபடி குனிந்து அடித்தான்.

அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. விளிம்பில் படாமல், எதிலும் உரசாமல், நேராக வலைப்பைக்குள் போய் விழுந்த சத்தம். திரும்பிக்கூடப் பார்க்காமல் பெத்தாங் மணியை நகர்த்தினாள்.

"கார்டிங் ஆறு," என்றாள். "இஸ்கோ ஆறு."

யாருமே ஜெயிக்காத ஒரு ஆட்டத்துக்கு அப்படிக் கத்திய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தகரக் கூரை அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த சார்ஜென்ட் விழித்து, காரணம் தெரியாமலே தொப்பியை வீசினார். சாரிங்கின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது. பிஷப் அவள் கக்கத்தில் இருந்தபடியே கூவினான். போட்டி மேஜைக்காரர்கள் இறுதி ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மெனோங் பெஞ்சை உதைத்துவிட்டு வெளியே போய் லாரியைக் கிளப்பினான். ஓட்டத் தெரியாமல் பத்தடியில் நின்றுவிட்டது. நான் அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் ஊர்க்காரி, என் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவள், இருபது வயதில் சொன்னாலும் நாற்பத்தாறு வயதில் சொன்னாலும் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று நெஞ்சு விம்மியது.

கார்டிங் மேஜையின் மேல் கோலை வைத்தான். "அக்கா, இது எப்படிக் கேட்டுச்சு?"

பெத்தாங் வலைப்பைக்குள் கைவிட்டு அந்தப் பதினைந்தை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த துணியால் துடைத்தாள். "இதுதான் தம்பி உங்க சொந்தச் சத்தம். நல்லா இருக்கு. எதுக்கு இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சீங்க?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பதின்மூன்றாவது ஆட்டம் பாக்கி இருந்தது. அதைக் கார்டிங் ஜெயித்தான், மூன்றே புள்ளி வித்தியாசத்தில். எங்களை மொட்டையடித்தவனுக்கு நாங்களே கைதட்டினோம். மெனோங் கட்டியிருந்த பணத்தைச் சாரிங் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். ஐநூறையும் பலாத்தோவாகக் கொடுத்துவிட்டு, அவளுக்கு இரண்டு முட்டை போட்டு ஒரு கிண்ணம் லோமி சொன்னான். நான் காசு வாங்கவில்லை.

ஆனால் அதெல்லாம் அப்புறம். அதற்கு முதலில் பந்து அடுக்க வேண்டியிருந்தது. கூட்டம் மேஜையைச் சுற்றி நெருக்கி நின்று குதித்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால், அவள் வழியை மறித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி நான் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அவள் சட்டத்தைக் கையில் எடுத்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டோரத்தில் மட்டும் சிரித்தாள்.

"தள்ளி நில்லு கோரியோ. பந்து பொறுக்கறவ பந்து பொறுக்கணும்."

நான் தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் கூடமே தள்ளி நின்றது.